‘முடியாது’ என்பதைக் கை அறியுமா?

ஒன்றை அறிந்தேன் என்று சொல்வதற்கு எது ஆதாரம்? நம் தத்துவ நூல்கள் பலவும் இந்தக் கேள்வியை முதலில் தீர்த்துக்கொண்டுதான் மேலே செல்கின்றன. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் எழுதிய சிவஞான சித்தியார், இறைவனையும் உயிரையும் பற்றிப் பேசுவதற்கு முன்பே அளவை இயலை எடுத்துக்கொண்டு, பலரும் எண்ணிக்கை கூட்டிச் சொல்லும் அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்குகிறது. நேரில் கண்டு அறிவது ஒன்று. கண்டதை வைத்துக் காணாததை உய்த்து அறிவது ஒன்று. நம்பத் தகுந்தவர் சொல்லக் கேட்டு அறிவது ஒன்று. இவற்றுள் கணிதம் எதற்கு உரியது என்று கேட்டால் தயங்காமல் கருதல் என்போம். முக்கோணத்தின் கோணங்களைப் பற்றிய உண்மைக்கு யூக்ளிட் சாட்சியாக வர வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பு மாணவி படிப்படியாகத் தானே சரிபார்க்கலாம். ஆசிரியர் தவறினால் திருத்தலாம். அதிகாரம் செல்லுபடியாகாத துறை இது. ஆனால் கல்லூரி வகுப்பறைகள் பலவற்றில் நடப்பது வேறு. தேற்றம் பலகையில் எழுதப்படுகிறது, நிறுவல் அதன் கீழே எழுதப்படுகிறது, இரண்டும் நோட்டுக்குப் போய், பருவத் தேர்வில் விடைத்தாளுக்குத் திரும்பி வருகின்றன. மாணவர் தேற்றத்தை அறிந்திருப்பது ஆசிரியர் சொன்னதால். நிறுவலை அறிந்திருப்பதும் ஆசிரியர் சொன்னதால்தான். கருதல் அளவைக்கு உரியது உரை அளவையாகச் சுருங்கிவிட்டது. சீட்டு, கட்டை, நூல், களிமண் ஆகியவற்றோடு கல்லூரிக் கணித வகுப்புக்குள் வரும் ஆசிரியர்களைப் பற்றிய விவாதத்தை நான் இந்த இடத்திலிருந்து பார்க்கிறேன். வகுப்பு கலகலப்பாகுமா, வருகை கூடுமா என்பவை சிறிய கேள்விகள். கை செய்வது கணித அறிவுக்கு ஆதாரமாகுமா என்பதே பெரிய கேள்வி. ஆகாது என்பதே என் விடை. ஆனால் கை படாதவரை, எதற்காக ஆதாரம் தேடுகிறோம் என்பது பெரும்பாலான மாணவர்களுக்குப் புலப்படாது என்றும் சேர்த்துச் சொல்வேன்.

எதிர்ப்புகளில் மிகப் பழையதும் மிக வலியதும் பிளேட்டோவினுடையது. வட்டம் என்று நாம் வரைவது வட்டமல்ல. கோட்டுக்குத் தடிமன் உண்டு, மையம் நகர்ந்திருக்கும். கணித அறிஞர் வரைபடத்தைப் பார்த்தாலும் அவர் சிந்திப்பது அதைப் பற்றியல்ல, அறிவுக்கு மட்டும் புலனாகும் வேறொன்றைப் பற்றி என்று ‘குடியரசு’ நூலில் அவர் சாக்ரடீஸின் வாயிலாகச் சொல்கிறார். கனசதுரத்தை இரட்டிக்கும் கணக்கில் கருவிகளைப் பயன்படுத்தியதற்காக ஆர்கிடஸையும் யூடாக்ஸஸையும் அவர் கடிந்துகொண்டதாகப் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். கணிதம் ஆன்மாவை மேலே இழுக்க வேண்டும். கருவி அதை மறுபடியும் பொருளுலகுக்கே தள்ளிவிடுகிறது என்பது அந்தக் கோபத்தின் காரணம். ஆயினும் ‘மெனோ’ உரையாடலில் அதே பிளேட்டோ செய்வதைக் கவனிக்க வேண்டும். படிப்பறியாத அடிமைச் சிறுவனிடம் சாக்ரடீஸ் ஒரு சதுரத்தை வரைந்து காட்டி, இதைப்போல் இரு மடங்கு பரப்புள்ள சதுரத்துக்குப் பக்கம் எவ்வளவு என்று கேட்கிறார். பக்கத்தை இரட்டித்தால் போதும் என்கிறான் சிறுவன். பரப்பு நான்கு மடங்காகிவிடுகிறது. இரண்டடிப் பக்கத்தை மூன்றடி ஆக்குகிறான். எட்டு வர வேண்டிய இடத்தில் ஒன்பது வருகிறது. பிறகு தெரியவில்லை என்று நின்றுவிடுகிறான். அந்த நிற்றலைத்தான் சாக்ரடீஸ் பெரிய ஆதாயம் என்கிறார். மூலைவிட்டம் விடையாக வருவது அதற்கு அப்புறம். ஆன்மா முற்பிறவியில் அறிந்ததை நினைவுகூர்கிறது என்று பிளேட்டோ இதற்கு விளக்கம் தருகிறார். அந்த விளக்கத்தை ஏற்காதவரும் ஒன்றை மறுக்க முடியாது. கோடு போட்டுப் பார்த்து இரண்டு முறை தோற்றிராவிட்டால் அந்தச் சிறுவனுக்கு மூலைவிட்டம் வெறும் தகவலாகவே வந்து சேர்ந்திருக்கும்.

சைவ சித்தாந்தம் இதே இடத்தில் பிளேட்டோவிடமிருந்து விலகி நிற்கிறது. இந்த விவாதத்துக்கு அது கூடுதலாக உதவுகிறது என்றும் எனக்குத் தோன்றுகிறது. உயிர் தானாக எல்லாம் அறிந்ததல்ல, அறிவிக்க அறியும் இயல்புடையது என்பது சித்தாந்தம். உடலும் கருவிகளும் அதற்குப் பகையல்ல. ஆணவ இருளில் கிடக்கும் உயிருக்குச் சிறிதளவாவது அறிவு விளங்கட்டும் என்றுதான் மாயையிலிருந்து அவை தரப்படுகின்றன. 14ஆம் நூற்றாண்டின் உமாபதி சிவாச்சாரியார் திருவருட்பயனில் மாயையை விடியும்வரை பயன்படும் விளக்குக்கு ஒப்பிடுகிறார். இந்த உவமையில் இரண்டு கூறுகள் உண்டு. இரண்டும் எனக்கு வேண்டும். இருட்டில் விளக்கு தேவை. விளக்கு சூரியன் அல்ல. கையால் கற்பிப்பதை எதிர்ப்பவர்கள் முதலாவதை மறக்கிறார்கள். அதில் மயங்கியவர்கள் இரண்டாவதை மறக்கிறார்கள். வீடுபேற்றைப் பற்றிய ஒரு கொள்கையை வகுப்பறைக்கு இழுப்பது மிகையாகப் படலாம். ஆனால் அந்தக் கொள்கை அறிவு எப்படி நிகழ்கிறது என்பதைப் பற்றியதும்தான். அந்த அளவில் அதற்கு இங்கே இடமுண்டு.

ஒரு விளையாட்டை எடுத்து இதைச் சோதித்துப் பார்ப்போம். நான்குக்கு நான்கு சட்டத்துக்குள் 1 முதல் 15 வரை எண்ணிட்ட சில்லுகள், ஒரு காலி இடம். சில்லுகளை நகர்த்தி வரிசைப்படுத்த வேண்டும். பிளாஸ்டிக்கில் செய்த இந்தச் சட்டம் பொம்மைக் கடைகளில் பலரும் பார்த்ததுதான். 1880ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவை ஆட்டிப்படைத்த விளையாட்டு இது. எல்லாம் சரியாக இருந்து 14உம் 15உம் மட்டும் இடம் மாறியிருந்தால், நகர்த்தி நகர்த்தியே அவற்றை நேராக்க முடியுமா? இதுதான் அன்று ஊரெல்லாம் தூக்கம் கெட்டுக் கிடந்த புதிர். மாணவர்களிடம் இந்தச் சட்டத்தைக் கொடுத்தால் முதலில் நடப்பது நம்பிக்கை: இன்னும் பத்து நகர்த்தலில் வந்துவிடும். பிறகு சந்தேகம்: 14, 15 நேராகும்போதெல்லாம் வேறு இரண்டு புரண்டுகொள்கின்றன. அதன்பின் ஒரு கட்டத்தில் யாராவது ஒருவர் கேட்பார்: இது என்னால் முடியாததா, அல்லது முடியவே முடியாததா? கல்லூரிக் கணிதத்தின் வாசல் இந்தக் கேள்விதான். முதல் ‘முடியாது’ ஆளைப் பற்றியது; இரண்டாவது உலகத்தைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், எந்த உலகமாக இருந்தாலும் அப்படித்தான் இருந்தாக வேண்டும் என்பதைப் பற்றியது. இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் கை ஒருபோதும் தாண்டாது. ஆயிரம் முறை தோற்றாலும் ஆயிரத்தோராவது முறை வெற்றி கிடைக்காது என்பதற்கு உத்தரவாதமில்லை. ஒரு நிலையிலிருந்து நகர்த்தி அடையக்கூடிய நிலைகள் மட்டுமே 10 லட்சம் கோடிக்கு மேல். எவரும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க முடியாது.

இங்கே நியாய தரிசனத்தாரின் பழைய சிக்கல் அப்படியே எழுகிறது. அடுக்களையில் புகையும் நெருப்பும் சேர்ந்திருக்கக் கண்டோம். எல்லாப் புகைக்கும் நெருப்பு உண்டு என்ற வியாப்தி எத்தனை அடுக்களைகளைப் பார்த்தால் உறுதியாகும்? 14ஆம் நூற்றாண்டில் மிதிலையின் கங்கேசர் போன்ற நவ்ய நியாயத்தார், ஒரு புகையில் அதன் பொதுத்தன்மையைக் காண்பவர் அதன் வழியே எல்லாப் புகையையும் ஒருவிதத்தில் காண்கிறார் என்று சொல்லிப் பார்த்தார்கள். புகையின் விஷயத்தில் அது போதுமா என்று தத்துவவாதிகள் வாதிடட்டும். சில்லுகளின் விஷயத்தில் காண வேண்டிய பொதுத்தன்மை எது என்று துல்லியமாகச் சொல்லலாம். ஒவ்வொரு நகர்த்தலும் ஒரு சில்லும் காலி இடமும் இடம் மாற்றிக்கொள்வது. சட்டத்துக்குச் சதுரங்கப் பலகைபோல் கறுப்பு வெள்ளை பூசினால், ஒவ்வொரு நகர்த்தலிலும் காலி இடம் நிறம் மாறுகிறது. அது தொடங்கிய மூலைக்கே திரும்ப வேண்டுமானால் நகர்த்தல்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாகத்தான் இருக்கும். 14ஐயும் 15ஐயும் மாற்றுவதோ ஒரே ஒரு பரிமாற்றம், அது ஒற்றைப்படை. ஒரு வரிசைமாற்றம் ஒரே சமயத்தில் ஒற்றையாகவும் இரட்டையாகவும் இருக்க முடியாது என்பது இயற்கணிதத்தில் தனியாக நிறுவ வேண்டிய தேற்றம். மாணவர் அங்கே வந்து சேர்ந்துவிட்டால், பாடத்திட்டத்தில் ‘இரட்டை வரிசைமாற்றங்களின் குலம்’ என்று தலைப்பிட்டிருக்கும் பகுதிக்கு யாரும் அவரைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியதில்லை. ஜான்சன், ஸ்டோரி என்ற இருவர் 1879இல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ் இதழில் இந்தப் புதிரைத் தீர்த்து எழுதிவிட்டார்கள். ஆனால் அதை முதலிலேயே சொல்லிவிட்டால், யாரும் கேட்காத கேள்விக்குச் சொன்ன விடையாகிவிடும் அது.

கை தருவது உண்மையல்ல, உண்மையின் இருப்பிடம் மட்டுமே என்பதைப் பிறரைவிடத் தெளிவாகக் கண்டவர் ஆர்க்கிமிடீஸ். பரவளைய வெட்டின் பரப்பு, அதனுள் வரைந்த முக்கோணத்தின் பரப்பைப்போல் மூன்றில் நான்கு பங்கு என்பதை அவர் கண்டுபிடித்தது நெம்புகோல் தத்துவத்தால். வெட்டை மெல்லிய கீற்றுகளாக்கி ஒரு பக்கம் தொங்கவிட்டு, முக்கோணத்தின் கீற்றுகளோடு சமன் செய்து பார்த்தார். எரடோஸ்தனீஸுக்கு எழுதிய மடலில் இந்த முறையை விவரிக்கும்போதே, இது நிறுவல் ஆகாது என்றும், ஆனால் இப்படி ஓரளவு தெரிந்துகொண்ட பிறகு நிறுவலைத் தேடுவது எளிது என்றும் எச்சரிக்கிறார். முறையான நிறுவலை வேறொரு நூலில் எழுதினார். அந்த மடல் பல நூற்றாண்டுகள் மறைந்துகிடந்தது. 1906இல் கான்ஸ்டான்டிநோபிளில், பழைய எழுத்தைச் சுரண்டி அதன்மேல் பிரார்த்தனைகள் எழுதப்பட்டிருந்த தோல் சுவடி ஒன்றில் அதை ஹைபெர்க் என்ற ஆய்வாளர் அடையாளம் கண்டார். ஐரோப்பாவில் நுண்கணிதம் பிறந்த காலத்தில் இது யாருக்கும் தெரியாது. முடிந்த நிறுவல்கள் மட்டும் கிடைத்த தலைமுறைகள், இவர் இதை எப்படித்தான் கண்டுபிடித்தார் என்று திகைத்தன. இன்றைய மாணவரின் நிலையும் அதுதான். சுரண்டப்பட்ட ஏட்டைத்தான் நாம் அவருக்குப் பாடநூலாகக் கொடுக்கிறோம். ஆர்க்கிமிடீஸின் தராசு மனத்தராசுதானே, அவர் கீற்றுகளை உண்மையில் தொங்கவிட்டாரா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அகலமே இல்லாத கீற்றை எந்தத் தராசும் தாங்காது. ஆனால் மனத்தராசு ஆடுவதற்கு, எந்தப் பக்கம் தாழும் என்பது உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

19ஆம் நூற்றாண்டின் ஜெர்மானியர்கள் இதைப் பல்கலைக்கழக மட்டத்திலேயே செய்து பார்த்தார்கள். மியூனிக்கில் ஃபெலிக்ஸ் கிளைனும் அலெக்சாண்டர் பிரில்லும் 1870களில் மாணவர்களைக் கொண்டு வளைபரப்புகளைப் பிளாஸ்டரில் வார்க்கச் செய்தார்கள். பிறகு அவை வணிக முறையில் தயாரிக்கப்பட்டுப் பல நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குப் போயின. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கும் கிளைன் அவற்றைக் கொண்டு சென்றார். அடுத்த தலைமுறைகளில் அவை அலமாரிகளில் தூசி படிந்தன. 1930களில் பிரான்சில் உருவான பூர்பாகி குழுவின் நூல்கள் ஏறக்குறைய படமே இல்லாமல் கணிதத்தைக் கட்டி எழுப்பின. அந்தத் தூய்மையை நான் மதிக்கிறேன். படத்தை நம்பி ஏமாந்த நிறுவல்கள் கணித வரலாற்றில் ஏராளம். அந்தக் காயங்களுக்கு மருந்தாகத்தான் அந்தக் கண்டிப்பு வந்தது. ஆனால் ஆராய்ச்சியாளருக்கு மருந்தாக இருந்தது மாணவருக்கு உணவாக்கப்பட்டது.

கண்டிப்பும் கைவேலையும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த சான்று, கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா 1997இல் செய்தது. ஒரு கோட்டுக்கு வெளியேயுள்ள புள்ளியின் வழியாக அந்தக் கோட்டைச் சந்திக்காத கோடுகள் பல செல்லும் என்பது ஹைபர்போலிக் வடிவியல். அதைத் தொட்டுப் பார்க்கக் காகிதப் பட்டைகளை ஒட்டிச் செய்த மாதிரிகள் வகுப்பில் கிழிந்துபோகும். டைமினா குரோஷா ஊசியை எடுத்தார். ஒவ்வொரு வரிசையிலும் முடிச்சுகளை ஒரே விகிதத்தில் கூட்டிக்கொண்டே போனால், பின்னல் தானாகவே கடற்பாசிபோல் சுருண்டு மடியத் தொடங்குகிறது. அதை மடித்து நேர்கோடு பெறலாம். ஒரு புள்ளி வழியே மூன்று மடிப்புகள் போட்டு, அவற்றில் ஒன்றுகூட முதல் கோட்டைத் தொடாததைப் பார்க்கலாம். யூக்ளிடின் ஐந்தாம் எடுகோளை மற்றவற்றிலிருந்து நிறுவிவிடலாம் என்று 2000 ஆண்டுகள் முயன்றவர்களின் தோல்வி, மாணவர் மடியில் துணியாகக் கிடக்கிறது. ஆனால் இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. எங்கும் ஒரே அளவு எதிர்மறை வளைவுள்ள முழுமையான தளத்தை முப்பரிமாண வெளியில் வழுவழுப்பாக அமைக்கவே முடியாது என்று 1901இல் ஹில்பர்ட் நிறுவினார். அதாவது பின்னல் எங்கேயோ நின்றாக வேண்டும். நூல் தீர்ந்தது காரணமல்ல. முப்பரிமாண வெளிதான் அதற்கு இடம் தராது. வரிசைகள் கூடக் கூட மடிப்புகள் நெருங்கி, விரல் நுழைய இடமில்லாமல் போவதைக் கை உணர்கிறது. ஏன் என்று கேட்டால் பதில் தேற்றத்தில் இருக்கிறது. மாதிரி முழுப்பொருள் அல்ல என்று பிளேட்டோ சொன்னதை, இங்கே மாதிரியே தன் ஓரத்தில் சொல்கிறது.

இனி, எண்களோடு வரும் எதிர்ப்பு. 2008இல் சயன்ஸ் இதழில் கமின்ஸ்கி, ஸ்லௌட்ஸ்கி, ஹெக்லர் ஆகியோர் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய சோதனை ஒன்றை வெளியிட்டார்கள். மூன்று உறுப்புகள் கொண்ட குலத்தின் விதிகளைச் சிலருக்கு அளவைக் குவளை, பீட்சாத் துண்டு, டென்னிஸ் பந்து போன்றவற்றால் கற்பித்தார்கள். மற்றவர்களுக்கு அர்த்தமற்ற குறிகளால் கற்பித்தார்கள். அதே விதிகள் ஒளிந்திருக்கும் புதிய விளையாட்டு ஒன்றைக் கொடுத்தபோது, குறிகளால் கற்றவர்களே தெளிவாக முந்தினார்கள். பொருள்கள் விதியைக் கற்பிக்காமல் தங்களையே கற்பித்துவிட்டன என்று இதைப் படிக்கலாம். 2011இல் பெல்ஜியத்தில் டெ பொக்கும் சகாக்களும் இதைத் திரும்பச் செய்து, ஒரு கேள்வியைக் கூட்டினார்கள். சோதிக்கும் புதிய சூழலும் அன்றாடப் பொருள் சார்ந்ததாக இருந்தால், பொருளால் கற்றவர்களே முந்தினார்கள். ஆகவே குறி எப்போதும் வெல்லும் என்ற முடிவு நிற்கவில்லை. ஆயினும் முதல் ஆய்வின் எச்சரிக்கையைத் தள்ளிவிடக் கூடாது. குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளில் ஜூடி டெலோச் காட்டிய ஒன்று இங்கும் பொருந்தும்: ஒரு பொருளைப் பொருளாகவும் வேறொன்றின் குறியாகவும் ஒரே சமயத்தில் பார்ப்பது கடினம், பொருள் கவர்ச்சியாக இருக்க இருக்க அது குறியாக மறுக்கிறது. எனவே கல்லூரி வகுப்புக்கு நல்லது அழகான விளையாட்டல்ல, விடாப்பிடியான விளையாட்டு. அது மாணவரை மகிழ்விக்க வேண்டியதில்லை. தடுத்து நிறுத்த வேண்டும். தடுத்ததை எழுத்தில் சொல்லச் செய்ய வேண்டும். பிறகு சட்டத்தை அலமாரியில் வைத்துவிட்டு, 16க்குப் பதில் n என்று கேட்க வேண்டும். விளக்கை எப்போது அணைப்பது என்று தெரியாத ஆசிரியர் அதை ஏற்றாமல் இருப்பதே நல்லது.

பொருள் குறியாக மாறும் இந்தப் பாதையில் தமிழர்களுக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தாம்பரத்தில் சென்னை கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் மூவரும் 1974இல் வாசல் கோலங்களை வைத்து அணி இலக்கணங்கள் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். புள்ளியைச் சுற்றிக் கம்பி போவதற்குப் பெண்களின் விரல்களில் இருந்த ஒழுங்கு, கணினியியலின் முறைசார் மொழிக் கோட்பாட்டில் விதிகளாக எழுதப்பட்டது. கோலம் போடத் தெரிந்ததால் மட்டும் யாருக்கும் அந்த இலக்கணம் தெரிந்துவிடாது. கோலமே இல்லாமல் அந்தக் கேள்வியும் பிறந்திருக்காது.

நேரம் எங்கே இருக்கிறது, பாடத்திட்டம் முடிய வேண்டாமா என்பது ஆசிரியர்களின் எதிர்ப்பு. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பருவத்துக்குள் ஐந்து அலகுகளை முடிக்க வேண்டியவரின் நெருக்கடி உண்மையானது. ஸ்காட் ஃப்ரீமனும் சகாக்களும் 2014இல் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அறிவியல், பொறியியல், கணித இளநிலை வகுப்புகளில் விரிவுரை மட்டும் கேட்டவர்களில் சுமார் 34 விழுக்காட்டினர் தோற்றார்கள். மாணவர்கள் தாங்களே செயல்பட்ட வகுப்புகளில் அது சுமார் 22 விழுக்காடு. அந்தத் தொகுப்பு கைவிளையாட்டைப் பற்றியது மட்டுமல்ல. குழு விவாதம் முதல் வகுப்பிலேயே கணக்குப் போடுவது வரை பலவற்றையும் சேர்த்தது. அதை விளையாட்டுக்குச் சான்றாக நீட்டுவது நேர்மையல்ல. மாணவர் சும்மா இருக்கும் வகுப்பு நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்ற நம்பிக்கையை மட்டும் அது தகர்க்கிறது. 2019இல் ஹார்வர்டின் இயற்பியல் வகுப்புகளில் செய்த ஆய்வு இன்னும் நுட்பமானது: செயல்பட்டுக் கற்றவர்கள் கூடுதலாகக் கற்றிருந்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். தெளிவான விரிவுரை, அறிந்துவிட்டோம் என்ற உணர்வைத் தருகிறது; தடுமாற்றம் அதைப் பறிக்கிறது. மெனோவின் சிறுவன் இரண்டு தவறுகளுக்குப் பிறகு நின்றபோது அவனைக் கேட்டிருந்தால், வந்தபோது தெரிந்ததைவிடக் குறைவாகத் தெரிகிறது என்றுதான் சொல்லியிருப்பான்.

கடைசியாக, கணிதத்தின் மேல் தளங்களில் கைக்கு வேலையே இல்லை என்பவர்கள் இருக்கிறார்கள். முடிவிலி பரிமாண வெளியை எந்தக் களிமண்ணில் பிடிப்பது? பாதி சரி. ஆனால் எல்லை அவர்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. ஒரு கோளத்தை, அதன் பரப்பு தன்னையே ஊடுருவிச் செல்லலாம், ஆனால் எங்கும் கூர்மடிப்பு விழக் கூடாது என்ற நிபந்தனையோடு, உள்வெளியாகத் திருப்பிவிடலாம் என்று 1950களின் இறுதியில் ஸ்டீபன் ஸ்மேல் நிறுவினார். எப்படித் திருப்புவது என்பதை அந்த நிறுவல் கண்முன் நிறுத்தவில்லை. அதன் இடைநிலைகளைக் களிமண்ணில் பிடித்துக் காட்டியவர்களுள் முதன்மையானவர் பெர்னார்ட் மோரின். ஆறு வயதிலிருந்து பார்வை இல்லாதவர். எந்தப் பொருளும் தன்னையே ஊடுருவாது. ஆகவே அந்தத் திருப்பலை எந்தக் கையும் முழுதாகச் செய்ததில்லை. ஆயினும் அதன் நிலைகள் ஒரு கையின் வழியாகவே பிறருக்குத் தெரிந்தன. உண்மையிலேயே கை நின்றுவிடும் இடங்களும் உண்டு. ஒரு திடப்பந்தை ஐந்து துண்டுகளாக்கி, அவற்றைத் திருப்பி நகர்த்தி மட்டுமே அதே அளவுள்ள இரண்டு பந்துகளாக்கலாம் என்கிறது பனாக்கும் டார்ஸ்கியும் 1924இல் தந்த முடிவின் வழி வந்த தேற்றம். களிமண்ணை வெட்டிப் பழகிய மாணவர் இதைக் கேட்டதும் பொய் என்பார். அவர் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெட்டினால் கனஅளவு கூடாது என்பது அவர் கைக்குத் தெரியும். அப்படியானால் அந்தத் துண்டுகளுக்குக் கனஅளவு இருக்கிறதா என்று ஆசிரியர் கேட்கலாம். இல்லை என்பதுதான் விடை. கனஅளவு என்பதையே வரையறுக்க முடியாத துண்டுகள் அவை. எந்தக் கத்தியாலும் வெட்டி எடுக்க முடியாது, தேர்வு எடுகோளை ஏற்றால் மட்டுமே அவை உண்டு. அளவைக் கோட்பாடு என்ற பாடம் எதற்காக என்ற கேள்விக்கு, முதுநிலை முதலாண்டின் அந்த வகுப்பில் ‘பொய்’ என்று சொன்ன மாணவரிடமிருந்தே தொடங்கலாம்.